ரத்தமா, வியர்வையா? மாரியோ கம்பெனி பெரியவங்களைத் தேடிப் போன கதை!

கள்ளக்குறிச்சிப் பக்கம் வளர்ந்த 90ஸ் கிட்ஸ்கிட்ட ‘டிவி கேம்’னா என்னன்னு விளக்கவே வேணாம். முழுப் பரீட்சை லீவு, தெருவுல யாரோ ஒருத்தர் வீட்டுல மட்டும் இருக்குற கலர் டிவி, மஞ்சள் கலர் கேசட், ஊதி ஊதிச் சொருகினா ஓடுற மாரியோ. ஒரு உயிர் போனா அடுத்தவன் கையில ஜாய்ஸ்டிக்கைக் கொடுக்கணும், அதுதான் ரூல். அந்தப் பெட்டிகள்ல பெரும்பாலானவை நின்டெண்டோ கம்பெனியோட ‘ஃபேமிகாம்’ மெஷினைப் பார்த்துச் செஞ்ச காப்பிங்கிறது அப்போ நமக்குத் தெரியாது. மீசை வெச்ச பிளம்பர் காளானைத் தின்னா பெருசாவார்ங்கிறது தெரியும். அது போதும்.

போன லீவுக்கு அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா பையன் அப்பாவோட போன்ல யூடியூப் பார்த்துட்டு இருந்தான். தலையில காகிதப் பை மாட்டுன ஒரு ஆள். பையில பேனாவால கிறுக்குன சிரிப்பு. பார்த்ததும் எனக்கே கொஞ்சம் ஜில்லுனு ஆயிடுச்சு.

“என்னடா இது?”

“மாமா, மாரியோ கம்பெனி கேம்தான் மாமா.”

சமையல் ரூம்லேர்ந்து அக்கா குரல் வந்துச்சு: “மாரியோதானே தம்பி, பார்க்கட்டும் விடு.”

இந்தக் கட்டுரை அந்த ‘மாரியோதானே’ங்கிற ஒரு வார்த்தையைப் பத்தினதுதான். குழந்தைங்க கம்பெனின்னு உலகமே நம்புற ஒரு நிறுவனம், பெரியவங்களைக் கூப்பிட என்னவெல்லாம் செஞ்சுது, எங்கே சறுக்குச்சு, எங்கே ஜெயிச்சுது, அதுல நம்ம வீட்டுக்கு என்ன சேதி? வரிசையாப் பார்ப்போம்.

ஆரம்பமே சீட்டுக்கட்டுதான்

நின்டெண்டோ தொடங்கப்பட்டது 1889-ல், ஜப்பானின் கியோட்டோ நகரத்தில். தொடங்கியவர் ஃபுசாஜிரோ யமவுச்சி. அப்போ வீடியோ கேமும் கிடையாது, டிவியும் கிடையாது. அவர் தயாரித்தது ‘ஹனாஃபுடா’ என்ற பூப்படம் போட்ட சீட்டுக்கட்டு. அதை வீட்டிலும் ஆடலாம். ஆனா, நல்ல வியாபாரம் சூதாட்ட விடுதிகளில்தான். அதாவது, இன்னிக்கு ‘குடும்பத்தோட ஆடலாம்’னு பேர் வாங்கியிருக்கிற கம்பெனிக்கு முதல் வாடிக்கையாளர்களே வளர்ந்த ஆளுங்கதான்.

குடும்பப் பக்கம் வண்டி திரும்பியது 1959-ல். நிறுவனரின் கொள்ளுப்பேரன் ஹிரோஷி யமவுச்சி, டிஸ்னியோடு ஒப்பந்தம் போட்டு மிக்கி மவுஸ் படம் போட்ட சீட்டுகளை விற்க ஆரம்பித்தார். சீட்டுன்னாலே முகம் சுளிச்ச அம்மாக்கள் கடைக்கு வந்து வாங்கினாங்க. ‘குழந்தை முகம் இருந்தா வீட்டுக்கதவு திறக்கும்’ என்ற பாடத்தை நின்டெண்டோ கத்துக்கிட்டது அங்கேதான்.

அப்புறம் நடந்தது உலகத்துக்கே தெரியும். 1981-ல் ‘டாங்கி காங்’ கேமில் ஷிகெரு மியாமோட்டோ உருவாக்கிய ஒரு குட்டி மனுஷன் குதித்தார். பிறகு அவருக்கு மாரியோன்னு பேர் வந்தது. 1983-ல் ஃபேமிகாம், 1985-ல் ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’. காகித யானை, பிளாஸ்டிக் யானை, டிஜிட்டல் யானைன்னு மாறினாலும், யானைப்பாகன் ஒருத்தர்தான்.

கேட்டுல நின்ன வாட்ச்மேன்

80-களின் நடுவில் அமெரிக்காவுக்குள் நுழைந்தபோது நின்டெண்டோ ஒரு முடிவு எடுத்தது. யார் கேம் செஞ்சாலும் எங்க அனுமதி இல்லாம எங்க மெஷின்ல ஓடக்கூடாது. அந்த அனுமதிக்கு முத்திரை உண்டு, விதிகள் உண்டு. ரத்தம் கூடாது, ஆபாசம் கூடாது, மதச் சின்னங்கள் கூடாது. ஜப்பான் கேமில் ‘பார்’னு இருக்கிற கடை அமெரிக்காவுக்கு வரும்போது ‘கஃபே’ ஆயிடும்.

வீட்டு வாசல்ல ஒரு கறாரான வாட்ச்மேன் நிக்கிற மாதிரி. அம்மா, அப்பா எதையும் படிச்சுப் பார்க்கத் தேவையில்லை. பெட்டியில கம்பெனி பேர் இருந்தா போதும்.

இந்த ஏற்பாடு ரொம்ப நல்லா ஓடுச்சு. முதல் தலைமுறைக் குழந்தைங்க வளர்ற வரைக்கும்!

1993: ரத்தம் சாம்பல் கலரான வருஷம்

‘மார்ட்டல் காம்பாட்’. இந்தப் பேரைக் கேட்டாலே சில அண்ணன்களுக்குக் கை பரபரக்கும். எதிரியோட முதுகெலும்பை உருவி எடுக்கிற சண்டை கேம். 1993 செப்டம்பரில் அது வீட்டு மெஷின்களுக்கு வந்தது. நின்டெண்டோ மெஷினிலும், போட்டிக் கம்பெனியான சேகா மெஷினிலும் ஒரே நாளில்.

நின்டெண்டோ என்ன செஞ்சது தெரியுமா? ரத்தத்தைச் சாம்பல் கலராக்கி, ‘இது வியர்வை’ன்னு சொல்லிடுச்சு. கொடூரமான முடிவுக் காட்சிகளையும் மாத்தச் சொன்னது. சேகா மெஷின்ல ஒரு ரகசிய பட்டன் வரிசை அழுத்தினா சிவப்பு ரத்தம் கொட்டும். பள்ளிக்கூடத்துல அந்த வரிசை ஒரு மந்திரம் மாதிரி பரவுச்சு. விற்பனையில் சேகா பதிப்பு முந்திக்கொண்டது. மாரியோ ஆடி வளர்ந்த பசங்க இப்போ மீசை முளைக்கிற வயசுல இருக்காங்க, அவங்களுக்கு வியர்வை வேணாம்னு நின்டெண்டோவுக்குப் புரிஞ்சது.

அதே வருஷம் டிசம்பரில் அமெரிக்க செனட்டில் வீடியோ கேம் வன்முறை பற்றி விசாரணை. நின்டெண்டோ சார்பில் ஹோவர்ட் லிங்கன் வந்தார். சேகாவின் ‘நைட் டிராப்’ என்ற கேமைக் குறிப்பிட்டு, இது ஒருபோதும் நின்டெண்டோ மெஷினில் வராது என்ற பொருளில் பேசினார். இதை ஞாபகம் வெச்சுக்கோங்க, கடைசியில தேவைப்படும்.

அந்த விசாரணையின் விளைவுதான் 1994-ல் வந்த ‘இஎஸ்ஆர்பி’ என்ற வயது லேபிள் முறை. எல்லாருக்கும் என்றால் ‘இ’, டீன் ஏஜுக்கு ‘டி’, 17 வயதுக்கு மேல் என்றால் ‘எம்’, முழுக்கப் பெரியவர்களுக்கு மட்டும் என்றால் ‘ஏஓ’. லேபிள் வந்ததும் நின்டெண்டோ கொஞ்சம் தளர்ந்தது. 1994-ல் வந்த ‘மார்ட்டல் காம்பாட் 2’ல் ரத்தம் சிவப்பாவே இருந்தது. வாட்ச்மேன் முதல் தடவையா கொஞ்சம் நகர்ந்து நின்னார்.

ஊதா டப்பாவில் பேய்ப்படம்

அடுத்த பத்து வருஷம் ரொம்ப சுவாரசியம். சோனியின் பிளேஸ்டேஷன் வந்து, ‘நாங்க பெரிய பசங்களுக்கான மெஷின்’னு சொல்லாமச் சொல்லி மார்க்கெட்டை அள்ளியது. நின்டெண்டோவுக்குக் கையில இருந்தது 1997-ல் வந்த ‘கோல்டன்ஐ 007’ மாதிரி சில துப்பாக்கி ஹிட்டுகள்தான்.

2001-ல் ‘கேம்கியூப்’ வந்தது. இந்த முறை பெரியவங்களைப் பிடிச்சே தீரணும்னு நேரடியா இறங்கினாங்க. அதே வருஷம் கேப்காம் நிறுவனம், தன் புகழ்பெற்ற பேய்-ஸோம்பி வரிசையான ‘ரெசிடென்ட் ஈவில்’ இனி கேம்கியூபுக்குத்தான்னு அறிவித்தது. 2002-ல் ‘எடர்னல் டார்க்னஸ்’. நின்டெண்டோ தன் பேரிலேயே வெளியிட்ட முதல் ‘எம்’ லேபிள் கேம் அதுதான். ஆடுறவரோட மனசு கலங்கினா, கேமும் கலங்கும். டிவி சவுண்டு தானாக் குறையிற மாதிரி காட்டும். சேமித்து வைத்த ஆட்டம் அழிஞ்சுட்டதுன்னு பொய் சொல்லும். விமர்சகர்கள் கொண்டாடினாங்க. விற்பனை? பெருசா ஒண்ணும் இல்ல.

2005-ல் வந்த ‘ரெசிடென்ட் ஈவில் 4’ இன்னிக்கும் உலகின் சிறந்த கேம் பட்டியல்களில் இருக்கு. ஆனா அந்த வருஷ முடிவுக்குள்ளேயே அது பிளேஸ்டேஷன் 2-க்கும் போயிடுச்சு. கணக்கு முடியும்போது கேம்கியூப் விற்றது சுமார் 2 கோடியே 17 லட்சம். பிளேஸ்டேஷன் 2 விற்றது 15 கோடிக்கும் மேல்.

ஏன் தோத்தாங்க? கேம் மோசமில்லை. அந்த மெஷின் ஊதா கலர்ல, தூக்கிட்டுப் போற கைப்பிடியோட, டிபன் பாக்ஸ் மாதிரி இருந்தது. டிவிடி படம் போடாது. காலேஜ் பையன் ரூம்ல வெச்சா ‘தம்பியோடதா?’ன்னு கேட்பாங்க. ஸ்வீட் கடைக்குள்ள ஒரு மூலையில பிரியாணி அண்டா வெச்ச மாதிரி. பிரியாணி நல்லாத்தான் இருக்கு. பிரியாணி தேடுறவன் அந்தக் கடைப் பக்கம் வர்றதில்லை.

பெரியவங்கன்னா ரத்தம் மட்டுமா?

இந்தத் தோல்வியிலேர்ந்து ஒரு நல்ல கேள்வி பிறந்தது. 2002-ல் தலைவரான சடோரு இவாட்டா வேற மாதிரி யோசிச்சார். கேம் ஆடுற பெரியவங்களைப் போட்டிக் கம்பெனிகிட்டேயிருந்து பிடுங்குறதை விட, கேமே ஆடாத பெரியவங்களைக் கூப்பிட்டா என்ன?

2004-ல் ‘டிஎஸ்’ கையடக்க மெஷின். அதில் 2005-ல் வந்த ‘பிரெய்ன் ஏஜ்’, மூளைக்குப் பயிற்சி தர்ற கணக்கு, சுடோகு மாதிரி சின்னச் சின்ன ஆட்டம். ஐரோப்பாவில் அதோட அடுத்த பாகத்துக்கு விளம்பரம் செஞ்சது ஹாலிவுட் நடிகை நிக்கோல் கிட்மேன். முதல் ‘பிரெய்ன் ஏஜ்’ சுமார் 1 கோடியே 90 லட்சம் பிரதிகள் விற்றது. டிஎஸ் மெஷின் 15 கோடியைத் தாண்டியது. 2006-ல் வந்த ‘வீ’ கன்சோலில் ரிமோட்டைக் கையில பிடிச்சு வீசினா டென்னிஸ், பவுலிங். அமெரிக்காவில் முதியோர் இல்லங்களில் தாத்தா-பாட்டிகள் பவுலிங் போட்டி நடத்தினாங்க. வீ விற்றது 10 கோடிக்கும் மேல். 2008-ல் எச்சிஎல் மூலமா அது இந்தியக் கடைகளுக்கும் வந்தது.

அதே மெஷினில் ரத்தம் ஓடுற கேம்களும் வந்தன. 2007-ல் ‘மேன்ஹன்ட் 2’க்கு முதலில் ‘ஏஓ’ லேபிள் கிடைத்தது. ‘ஏஓ’வை எங்க மெஷினில் விட மாட்டோம்னு நின்டெண்டோ நின்னது. காட்சிகளை மாத்தி, ‘எம்’ லேபிளோடுதான் வெளியாச்சு. 2009-ல் ‘மேட்வேர்ல்டு’, முழுக்கக் கறுப்பு-வெள்ளை, ரத்தம் மட்டும் சிவப்பு. பாராட்டு குவிந்தது, விற்பனை சுமார். மூணாவது தடவையும் அதே பாடம்தான். ரத்தத்தைக் கூட்டினா பெரியவங்க வந்துடுவாங்கங்கிறது தப்புக் கணக்கு.

ஸ்விட்ச் என்ன மாத்திச்சு?

2012-ல் வந்த ‘வீ யூ’ மொத்தமே சுமார் 1 கோடியே 36 லட்சம்தான் விற்றது. நல்ல அடி. ஆனா அதுல ஒரு முக்கியமான விஷயம் நடந்தது. வேற யாரும் பணம் போட முன்வராத ‘பேயோனெட்டா 2’க்கு நின்டெண்டோ பணம் போட்டது. கண்ணாடி போட்ட சூனியக்காரி, ரெண்டு கையில ரெண்டு துப்பாக்கி, கால்லயும் ரெண்டு. அசல் ‘எம்’ லேபிள்.

2016 அக்டோபரில் வந்த ‘ஸ்விட்ச்’ அறிமுக வீடியோவைத் திரும்பப் பாருங்க. அதுல ஒரு குழந்தையை மையமா வெச்ச காட்சியே இல்லை. விமானத்தில் ஒருத்தர் ‘ஸ்கைரிம்’ ஆடுறார். மொட்டைமாடி பார்ட்டிக்கு ஒரு பொண்ணு மெஷினைத் தூக்கிட்டுப் போறா. வேலைக்குப் போற, பஸ்ல போற, ராத்திரி அரை மணி நேரம் மட்டும் கிடைக்கிற ஆளுங்களுக்கான மெஷின்னு அது சொல்லுச்சு.

2017 மார்ச்சில் ஸ்விட்ச் வந்தது. அதே வருஷம் நவம்பரில் ‘டூம்’, ‘ஸ்கைரிம்’. 2019-ல் ‘விட்ச்சர் 3’. இதையெல்லாம் நின்டெண்டோ செய்யலை. மத்த கம்பெனிகள் செஞ்சதுக்குக் கதவைத் திறந்துவிட்டது. ஸ்விட்ச் 15 கோடியைத் தாண்டி விற்றது. 2025 ஜூன் 5-ல் வந்த ‘ஸ்விட்ச் 2’, வெளியான அன்னிக்கே ‘சைபர்பங்க் 2077’ஐக் கூட வெச்சுக்கிட்டு வந்தது. 18 வயசுக்கு மேல்னு முத்திரை குத்தின கேம், மாரியோ கார்ட்டுக்குப் பக்கத்து ரேக்கில்!

ரத்தம் இல்லாமலும் பெரியவங்க வந்தாங்க. 2020 மார்ச்சில், உலகமே கதவைச் சாத்தின நேரத்தில் ‘அனிமல் கிராஸிங்’ வெளியாச்சு. ஒரு தீவு, கொஞ்சம் மீன், கொஞ்சம் செடி, வீட்டுக்கடன். அவ்வளவுதான். ஜோ பைடனின் தேர்தல் பிரசாரக் குழு அந்தத் தீவுக்குள்ள பிரசாரப் பலகை விடுற அளவுக்குப் போச்சு. அதே வருஷம் லெகோ, பழைய நின்டெண்டோ மெஷின் வடிவத்தில் 2,646 துண்டுகளோட ஒரு செட் விட்டது. பெட்டியில போட்டிருந்த வயசு, 18+. யாரையும் வெட்டுறதுக்கில்லை, நம்ம மாதிரி கேசட்டை ஊதின ஆளுங்களுக்கு!

2024 ஆகஸ்ட்டில் வந்ததுதான் அக்கா பையன் பார்த்த அந்தக் காகிதப் பை ஆசாமி. ‘எமியோ: தி ஸ்மைலிங் மேன்’. ஒரு மாணவன் கொலை, தலையில் சிரிப்பு வரைந்த பை, துப்பறியும் கதை. 1988-லேயே நின்டெண்டோவில் துப்பறியும் கேம் எழுதின யோஷியோ சகாமோட்டோ செஞ்சது. ‘எம்’ லேபிள்.

அப்புறம், ‘ஒருபோதும் வராது’ன்னு செனட்டில் சொன்ன ‘நைட் டிராப்’? 2018 ஆகஸ்ட்டில் ஸ்விட்ச்சிலேயே வந்துடுச்சு. லேபிள் ‘எம்’கூட இல்லை, ‘டி’தான். கேம் மாறலை, பார்க்கிற கண்ணு மாறிடுச்சு.

சாவி இப்போ யார்கிட்ட?

இங்கேதான் விஷயம் இருக்கு. 2019-ல் பங்குதாரர் கூட்டத்தில் இதைப் பற்றிக் கேள்வி வந்தது. தலைவர் ஷுன்டாரோ ஃபுருகாவா சொன்ன பதிலின் சாரம் இது: மத்தவங்க செய்யுற கேமை எங்க இஷ்டத்துக்குத் தள்ளினா கேம்களோட பன்முகத்தன்மை போயிடும், வயது லேபிள் தர்றதுக்குத் தனி அமைப்புகள் இருக்கு, பெற்றோர் கட்டுப்படுத்த வசதி கொடுத்திருக்கோம்.

அதாவது 1985-ல் வாசல்ல நின்ன வாட்ச்மேன் இப்போ இல்லை. வாசல்ல ஒரு போர்டு மாட்டிட்டு, சாவியை அப்பா-அம்மா கையில கொடுத்துட்டுப் போயிட்டார். அந்தச் சாவியைப் பயன்படுத்துறதையும் நின்டெண்டோ அழகாத்தான் சொல்லிக்கொடுக்குது. 2017-ல் பெற்றோருக்கான மொபைல் ஆப் விட்டபோது, மாரியோவோட வில்லன் பவுசர் ஒரு பொறுப்பான அப்பாவா வந்து, மகன் எவ்வளவு நேரம் ஆடுறான்னு கண்காணிக்கிற மாதிரி விளம்பரம் எடுத்தாங்க. ‘பேயோனெட்டா 3’ல் ஹாலில் உட்கார்ந்து ஆடுறவங்களுக்காகவே உடை கலையுற காட்சிகளை மறைக்கிற ஒரு மோடு இருக்கு.

இது தப்பா? எனக்குத் தப்புன்னு தோணலை. 30 வயசு ஆளுக்கு 30 வயசுக் கதை வேணும். பிரச்னை வேற இடத்துல. கம்பெனி மாறிடுச்சு, நம்ம மனசுல இருக்கிற ‘மாரியோதானே’ மாறலை. சாவி நம்ம கையில இருக்குன்னே நமக்குத் தெரியலை.

கல்வராயன் மலையில் ஒரே போன்

நம்ம மாவட்டத்துக்கு வாங்க. 2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து பிரிந்து வந்த மாவட்டம் கள்ளக்குறிச்சி. டவுனிலிருந்து கச்சிராயப்பாளையம், கோமுகி அணை தாண்டி ஏறினா வெள்ளிமலை. அங்கேயிருந்து உள்ளே இருக்கிற மலைக்கிராமங்கள் பலவற்றில் சிக்னலுக்காக மேடு தேடி நடக்கணும்.

ஸ்விட்ச் மாதிரி கன்சோல்கள் இங்கே அபூர்வம். இந்தியாவில் அதை வாங்கினாலே பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வரவழைச்சதுதான். நம்ம பசங்களோட கன்சோல் அப்பாவோட போன். கரும்பு வெட்டிட்டோ, கடையை மூடிட்டோ வீட்டுக்கு வந்த அப்பா படுத்ததும் போன் கை மாறும். அந்தப் போன்ல இருக்கிற கூகுள் அக்கவுன்ட்டுக்கு வயசு 38. ஆடுற கைக்கு வயசு 10. பிளே ஸ்டோருக்கு இது தெரியுமா? தெரியாது. 38 வயசு ஆளுக்குக் காட்ட வேண்டியதைத்தான் காட்டும்.

இன்னொரு சிக்கலும் இருக்கு. டேட்டா கிடைக்காத ஊர்ல ஒரு போன்லேர்ந்து இன்னொரு போனுக்கு ஷேர் பண்ணித்தான் கேம் பரவும். அப்படி வர்ற கேமுக்கு லேபிளே கிடையாது.

‘ரத்தமா, வியர்வையா’ கதை இந்தியாவிலும் நடந்திருக்கு. 2020 செப்டம்பரில் தகவல் பாதுகாப்பைக் காரணம் காட்டி பப்ஜி மொபைலைத் தடை செஞ்சாங்க. 2021 ஜூலையில் அது ‘பிஜிஎம்ஐ’ன்னு புதுப் பேர்ல வந்தது. ரத்தம் சிவப்பிலிருந்து பச்சையாயிடுச்சு! 18 வயசுக்குக் கீழே இருந்தா பெற்றோர் சம்மதம், ஒரு நாளைக்கு 3 மணி நேரம்தான்னு விதி. 1993-ல் நின்டெண்டோ செஞ்சதேதான். ஆனா வயசைக் கேட்கிற இடத்துல பையன் அப்பா நம்பரைப் போட்டு, அதே போனுக்கு வர்ற ஓடிபியையும் தானே போட்டா? சட்டப்படி அப்பா சம்மதம் கொடுத்தாச்சு.

ரத்தத்தை விட ஆபத்தானது ஒண்ணு இருக்கு

பெரியவங்க சமாச்சாரம்னா நமக்கு ரத்தமும் ஆபாசமும்தான் கண்ணுல படும். பளபளன்னு குழந்தைத்தனமா இருக்கிற கேமுக்குள்ள இன்னொரு பெரியவங்க சமாச்சாரம் ஒளிஞ்சிருக்கும். காசு.

பெட்டிக்கடையில தொங்குற ‘லக்கி பிரைஸ்’ அட்டை ஞாபகம் இருக்கா? காசு கொடுத்து ஒரு சீட்டு கிழிப்போம். பெரிய பொம்மை அட்டை மேலேயே இருக்கும்; நமக்கு வர்றது மோதிரம். அதோட டிஜிட்டல் தம்பிதான் ‘காச்சா’. காசு கட்டினா உள்ளே என்ன வரும்னு தெரியாது. பிடிச்ச வீரன் வர்ற வரைக்கும் கட்டிட்டே இருக்கணும். நின்டெண்டோவின் மொபைல் கேம்களில் பெரிய அளவில் சம்பாதித்த ‘ஃபயர் எம்பளம் ஹீரோஸ்’ இந்த முறையில் வந்ததுதான். பெல்ஜியம் நாடு இதை சூதாட்டச் சட்டத்துக்குள்ள கொண்டு வந்ததும், 2019 ஆகஸ்ட்டில் அந்த கேமையும் இன்னொரு கேமையும் அங்கே நின்டெண்டோ நிறுத்திடுச்சு. ‘மாரியோ கார்ட் டூர்’ மொபைல் கேமில் இருந்த அதே மாதிரி குலுக்கலை 2022-ல் எடுத்துட்டு, நேரா விலை போட்டு விற்கிற முறைக்கு மாத்தினாங்க.

சூதாட்ட விடுதிக்குச் சீட்டு வித்துத் தொடங்கின கம்பெனி, மாரியோ படம் போட்ட கேம்லயும் ஒரு குலுக்கலை வெச்சு, அப்புறம் தானே எடுத்ததுங்கிறது யோசிக்க வேண்டிய விஷயம். எல்லா கம்பெனியும் அப்படி எடுத்துடறதில்லை.

தமிழ்நாட்டில் 2022-ல் ஆன்லைன் சூதாட்டத்துக்கு எதிரா சட்டம் வந்தது. 2025 ஆகஸ்ட்டில் நாடாளுமன்றமும் பணம் கட்டி ஆடுற ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செஞ்சு சட்டம் போட்டது. அதெல்லாம் காசு கட்டிக் காசு ஜெயிக்கிற ஆட்டத்தை மனசுல வெச்சு வந்தவை. காசு கட்டி ஒரு கார்ட்டூன் வீரனை ஜெயிக்கிறது வீட்டுல நாமதான் கவனிக்க வேண்டியது.

அஞ்சு நிமிஷ வேலை: இதைப் பண்ணிடுங்க

வீட்டுல போன் பத்தி அதிகம் தெரிஞ்சது நீங்கதான்னா, அக்காவுக்கோ அண்ணிக்கோ இதை நீங்களே செஞ்சு கொடுங்க.

1. பிளே ஸ்டோரில் கேம் பேருக்குக் கீழே 3+, 7+, 12+, 16+, 18+ன்னு ஒரு எண் இருக்கும். கம்பெனி பேரைப் பார்க்காதீங்க, அந்த எண்ணைப் பாருங்க.

2. அதுக்குப் பக்கத்துலயே ‘இன்-ஆப் பர்ச்சேஸ்’னு இருந்தா, கேம் இலவசம், உள்ளே கடை இருக்குன்னு அர்த்தம். 3+ன்னு போட்ட கேம்லயும் இது இருக்கலாம். வயசு எண் வேற, காசு வேற.

3. பிளே ஸ்டோரில் உங்க புரொஃபைல் படத்தைத் தொட்டு, செட்டிங்ஸ், ஃபேமிலி, பேரன்டல் கன்ட்ரோல்ஸ். ஆன் செய்து ஒரு பின் நம்பர் வையுங்க. வயசு வரம்பைத் தேர்ந்தெடுங்க. பின் நம்பர் பையனோட பிறந்த வருஷமா இருக்க வேணாம். முதல்ல அதைத்தான் போட்டுப் பார்ப்பான்!

4. அதே செட்டிங்ஸில், ஒவ்வொரு முறை காசு கட்டும்போதும் பாஸ்வேர்டோ கைரேகையோ கேட்கிற மாதிரி மாத்திடுங்க. யுபிஐ பின்னைக் குழந்தை முன்னாடி போடாதீங்க.

5. இந்தக் கன்ட்ரோல் ஏற்கெனவே போன்ல இருக்கிற கேமையோ, ஷேர் பண்ணி வந்த கேமையோ தடுக்காது. அதுக்கு ஒரே வழி, பக்கத்துல உட்கார்ந்து பத்து நிமிஷம் சேர்ந்து ஆடிப் பார்க்கிறது.

6. யூடியூப்பில் கேம் வீடியோவுக்கு இந்த லேபிளெல்லாம் வராது. சின்னப் பசங்களுக்கு யூடியூப் கிட்ஸ் ஆப் தனியா இருக்கு.

‘மாரியோதானே’

அன்னிக்கு அக்கா பையன் பக்கத்துல உட்கார்ந்து அந்த வீடியோவை நானும் கொஞ்சம் பார்த்தேன். “பயமா இருக்காடா?”ன்னு கேட்டேன். “பகல்ல இல்ல மாமா”ன்னான். நேர்மையான பதில். 17 வயசுக்கு அப்புறம் அந்த கேமை நாம ரெண்டு பேரும் சேர்ந்து ஆடலாம், அதுவரைக்கும் இது பெரியவங்க சமாச்சாரம்னு சொல்லிட்டு, அத்தானோட போன்ல பின் நம்பர் வெச்சேன்.

அப்புறம் பழைய மாரியோவை ஆரம்பிச்சோம். ஒரு உயிர் போனா அடுத்தவன் கையில போனைக் கொடுக்கணும். ரூல் மாறலை. அக்கா எட்டிப் பார்த்து, “இது என்ன கேம்டா தம்பி?”ன்னு கேட்டுச்சு. இந்த முறை கேள்வியாவே கேட்டுச்சு. அதுவே எனக்குப் போதும்.